மேட்டில் வலுவிழந்து நிற்கும் பழைய பிக்கப் வண்டி: குற்றம் காணும் முறை



விளைச்சல் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அது உரிய வேளையிலே சந்தையை அடைதலும் வேண்டும். ஊவா மாகாணத்தில் போஞ்சி, கோவா, தக்காளி, லீக்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பயிரிடுவோர் பலர், தம் விளைபொருளைக் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கோ பண்டாரவளை, பதுளைச் சந்தைகளுக்கோ கொண்டுசெல்வதற்குப் பழைய பிக்கப் வண்டிகளையே நம்பியிருக்கின்றனர். மகியங்கனைத் தாழ்நிலத்து நெல்லும் இத்தகைய வண்டிகளிலேயே மேட்டுப் பாதைகளில் ஏறி வருகின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மோட்டார் வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்த அத்தடையினால், கைவிடப்பட வேண்டிய வயதுடைய வண்டிகளும் தொடர்ந்து பாரம் இழுக்க நேர்ந்தது.

இத்தகைய வண்டிகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடுகள் இரண்டு. மேட்டில் ஏறும்போது எஞ்சின் வலுக்குறைந்து போதல் ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோதல் மற்றொன்று. விடியற்காலையிலே பறித்த தக்காளி நண்பகல் வெயிலில் வழியிற் கிடந்தால் அன்றைய விலை போயிற்று. அதன்பின் கராஜில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களை மாற்றினால் அந்தப் போகத்தின் இலாபமும் போயிற்று. பாகத்தை மாற்றுமுன் குற்றத்தைக் காணும் முறையை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

1. பயிரின் நோயும் எஞ்சினின் நோயும்

நெற்பயிர் மஞ்சளித்திருப்பதைக் கண்டவுடன் யூரியா இடுவது அறிவுடைமை ஆகாது என்பதை நீங்கள் அறிவீர்கள். தழைச்சத்துக் குறைவினால் இலை மஞ்சளிக்கலாம், நீர் வடியாமையால் வேர் அழுகியும் மஞ்சளிக்கலாம், பூச்சியினாலும் மஞ்சளிக்கலாம். ஆகையால் வரம்பில் நின்று பார்த்து, எப்போது தொடங்கிற்று, மேட்டுப் பாத்தியிலா பள்ளப் பாத்தியிலா என்று விசாரித்து, ஒரு செடியைப் பிடுங்கி வேரையும் பார்த்த பின்னரே மருந்தைத் தீர்மானிக்கின்றோம்.

எஞ்சினுக்கும் இதே முறைதான். வலுக்குறைவு என்பது நோயன்று. அது நோயின் அறிகுறி. எஞ்சின் இயங்குவதற்கு நான்கு தேவைகள் உள. அவையாவன: தூய எரிபொருள், போதிய காற்று, உரிய நேரத்தில் தீப்பற்றல், சிலிண்டருள் நல்ல அமுக்கம். பெற்றோல் எஞ்சினிலே பிளக்கின் மின்பொறியினால் தீப்பற்றுகின்றது. டீசல் எஞ்சினிலே அமுக்கத்தால் உண்டாகும் வெப்பத்தினாலேயே தீப்பற்றுகின்றது. இந்நான்கில் எது குறைந்தாலும் வலுக் குறையும். எது குறைந்தது என்று அறியாமல் பணம் செலவழித்தல், வேரைப் பாராமல் உரமிடுவதை ஒக்கும்.

2. மலையின் பங்கு எவ்வளவு?

“உயரத்தில் காற்றுக் குறைவு, அதனால்தான் வண்டி இழுக்கவில்லை” என்று பலர் கூறுவர். இதில் உண்மை உண்டு. ஆயினும் அதன் அளவை அறிந்துகொள்ளல் நன்று. ரேர்போ பொருத்தப்படாத சாதாரண எஞ்சின், 100 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 100இல் ஒரு பங்கு வலுவை இழக்கும். பதுளை நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை ஏறத்தாழ 1,230 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்திலும் உள்ளன. ஆகவே பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ஏறும் வண்டி காற்றுக் குறைவினால் இழப்பது 100இல் 5 அல்லது 6 பங்கு மாத்திரமே.

சென்ற ஆண்டு மூன்றாம் கியரில் ஏறிய மேட்டில், அதே பாரத்துடன் இவ்வாண்டு முதலாம் கியரில் திணறுமாயின், குற்றம் மலையினுடையதன்று. மலை அன்றும் அதே உயரத்தில்தான் இருந்தது. நீங்கள் வழக்கமாக ஏறும் ஒரு மேட்டை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாரத்துடன் எந்தக் கியரில் எந்த வளைவுவரை ஏறுகின்றது என்பதை ஒரு கொப்பியில் குறித்து வருக. வலு மெல்ல மெல்லக் குறையும்போது அதனை உணர்வது கடினம்; கொப்பிக் குறிப்பு அதனைக் காட்டிக்கொடுக்கும்.

3. பொனற்றைத் திறக்குமுன் விடை காண வேண்டிய வினாக்கள்

(அ) எஞ்சின் திடீரென நின்றதா, அன்றித் தடுமாறித் தளர்ந்து நின்றதா? சாவியைத் திருப்பி அணைத்தாற்போலத் திடீரென நின்றால் பெரும்பாலும் மின்னிணைப்பிலே குற்றம் இருக்கும். தடுமாறி, இழுத்து இழுத்து நின்றால் பெரும்பாலும் எரிபொருள் வரவிலே குற்றம் இருக்கும்.

(ஆ) பாரத்துடன் ஏறும்போது மட்டுமா, வெறும் வண்டியிலுமா? சமநிலத்தில் நன்றாக ஓடி, பாரத்துடன் மேட்டில் தளர்ந்தால், எரிபொருளோ காற்றோ போதிய அளவு கிடைக்கவில்லை என்று கொள்க. மேட்டில் ஏறும் எஞ்சின் நின்று சுழலும் எஞ்சினைவிடப் பல மடங்கு எரிபொருளை வேண்டும். அடைபட்ட வடிகட்டி சிறு தேவைக்கு ஈடுகொடுக்கும், பெருந்தேவைக்கு ஈடுகொடாது.

(இ) காலைக் குளிரிலா, எஞ்சின் சூடேறிய பின்னா? காலையில் மட்டும் தொல்லை தந்து பின்னர் சீராக ஓடும் டீசல் வண்டியில், குழாயினுள் காற்றுப் புகுதல் அல்லது குளோ பிளக் பழுதாதல் காரணமாகலாம். சூடேறிய பின் மட்டும் நிற்கும் பெற்றோல் வண்டியில் கொயிலையும் கொண்டென்சரையும் ஐயுறுக.

(ஈ) நின்ற பின் எவ்வளவு நேரம் கழித்து மீண்டும் இயங்குகின்றது? உடனேயா, பத்து நிமிடத்திலா, எஞ்சின் முற்றாகக் குளிர்ந்த பின்னா? இவ்விடையை ஞாபகத்தில் வைத்திருங்கள். இது பல நேரங்களில் முழு இரகசியத்தையும் வெளிப்படுத்தும்.

(உ) அண்மையில் யாது மாற்றம் நிகழ்ந்தது? புதிய இடத்தில் எரிபொருள் நிரப்பினீர்களா? கலனில் வைத்திருந்த எண்ணெயை ஊற்றினீர்களா? வேறு திருத்தவேலை செய்தீர்களா? குற்றம் பெரும்பாலும் கடைசியாகக் கைபட்ட இடத்திலேயே இருக்கும்.

(ஊ) எஞ்சினின் சத்தம் ஏறியும் வண்டியின் வேகம் ஏறவில்லையா? அவ்வாறாயின் எஞ்சினில் குற்றமில்லை, கிளச் வழுக்குகின்றது.

4. சோதனையின் ஒழுங்கு

சோதனையிலே மூன்று விதிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். செலவில்லாதவற்றை முதலிலும் செலவுமிக்கவற்றை இறுதியிலும் பார்க்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் அதே மேட்டில் அதே பாரத்துடன் ஓட்டிப் பார்க்க. ஒரே நாளில் மூன்று பாகங்களை மாற்றியவர், குற்றம் நீங்கினாலும் அது எதனால் நீங்கிற்று என்பதை அறியமாட்டார்.

வேலை தொடங்குமுன் வண்டியைச் சமநிலத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கல் அணைக்க. பெற்றோல் குழாயைக் கழற்றும் இடத்தில் பீடி, சுருட்டு, குப்பி விளக்கு ஆகியன இருத்தலாகாது. டீசல் நொசிலிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லக்கூடியது. ஆதலால் இயங்கும் எஞ்சினில் அதனைக் கைவைத்துச் சோதித்தல் கூடவே கூடாது.

முதலாவது: எக்சிலேற்றர். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் மிதியை அடிவரை மிதிக்க, மற்றவர் பொனற்றின் கீழ் அதன் நெம்பு முழுத் தூரமும் திரும்புகின்றதா என்று பார்க்க. கம்பி தளர்ந்திருந்தாலோ மிதியின் கீழ்ச் சேறு படிந்திருந்தாலோ எஞ்சினுக்கு முழு எரிபொருளும் போகாது. இச்சோதனைக்குச் சதச் செலவும் இல்லை.

இரண்டாவது: தாங்கியின் மூடி. எரிபொருள் குறையுந்தோறும் அவ்விடத்தை நிரப்பக் காற்று உட்புகுதல் வேண்டும். மூடியிலுள்ள காற்றுத்துளையோ காற்றுக் குழாயோ மண்ணால் அடைபட்டால், தாங்கியினுள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வராது தடைப்படும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறக்க. ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, அதன்பின் எஞ்சின் இயங்குமாயின் குற்றம் இதுவே.

மூன்றாவது: எரிபொருளின் தூய்மை. வடிகட்டியின் அடியிலிருந்து சிறிது எண்ணெயை வெளிறிய கண்ணாடிப் போத்தலில் எடுத்து அரைமணி நேரம் அசையாது வைக்க. நீர் இருப்பின் அடியில் தனியாகத் தங்கும். துரு, மண் முதலியனவும் அடியிற் படியும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் பீப்பாய்களிலும் பிளாத்திக்குக் கலன்களிலும் எண்ணெயைச் சேமித்தனர். தாங்கி வற்றும்வரை வண்டியை ஓட்டவும் நேர்ந்தது. அவ்வாறு ஓட்டும்போது தாங்கியின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்திருந்த கசடு குழாயினுள் இழுபடும். அன்றியும், நீரிறைக்கும் பம்பிக்குரிய மண்ணெண்ணெய்க் கலனையே டீசலுக்கும் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் எஞ்சினில் ‘கடகட’ என்ற இடியோசையையும் வலுக்குறைவையும் உண்டாக்கும். மண்ணெண்ணெய்க்கு மசகுத் தன்மை குறைவு. எனவே அது கலந்த டீசல் விலையுயர்ந்த டீசல் பம்பியைத் தேய்த்துவிடும்.

நான்காவது: எரிபொருள் வடிகட்டி. நின்ற இடத்தில் சீராகச் சுழன்று, மேட்டில் தளர்ந்து, சிறிது நேரம் ஓய்ந்த பின் மீண்டும் ஓடும் வண்டியில் முதலில் ஐயுற வேண்டியது இதுவே. டீசல் வண்டியில் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, மேலுள்ள கைப்பம்பியை அமுக்கித் தூய டீசல் வரும்வரை நீரை வெளியேற்றித் திருகை இறுக்குக. வடிகட்டியை மாற்றினால், காற்றகற்றும் திருகைத் தளர்த்திக் குமிழிகள் நிற்கும்வரை கைப்பம்பியை இயக்குதல் வேண்டும். வடிகட்டி விலை குறைந்த பாகம். ஆயினும் அது மறுமுறையும் விரைவில் அடைபட்டால் குற்றம் தாங்கியிலே உள்ளது என்று உணர்க.

ஐந்தாவது: குழாய்கள். பெற்றோல் குழாயில் வெடிப்பிருந்தால் எண்ணெய் வெளியே கசியும், மணமும் வரும். டீசல் வண்டியில் தாங்கிக்கும் பம்பிக்கும் இடையிலுள்ள குழாய் வெடித்தாலோ, எண்ணெய் ஒழுகாது காற்று உள்ளே இழுபடலாம். வெளியே ஈரமில்லை என்பதால் குழாய் நல்லது என்று முடிவுசெய்தல் தவறு. வடிகட்டிக்கும் பம்பிக்கும் இடையில் ஓர் ஒளிபுகும் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்த்தால், காற்றுக் குமிழிகள் ஓடுவதைக் கண்ணாரக் காணலாம். பழைய இறப்பர்க் குழாய்களையும் அவற்றின் வளையங்களையும் மாற்றுவது எளிது.

மகியங்கனை வெயிலிலிருந்து மேடேறும் பழைய பெற்றோல் வண்டிகளில் மற்றுமொரு தொல்லை உண்டு. எஞ்சினின் சூட்டினால் குழாயிலுள்ள பெற்றோல் ஆவியாகி வழியை அடைக்கும். பெற்றோல் பம்பியின் மீதும் குழாயின் மீதும் நனைத்த துணியைச் சுற்றிச் சிறிது நேரம் பொறுத்தால் எஞ்சின் இயங்கும். குழாய் சூடான புகைக்குழாய்க்கு அருகிற் செல்லாதவாறு தள்ளிக் கட்டுதலே நிலையான பரிகாரமாகும்.

ஆறாவது: காற்று வடிகட்டி. ஊவாத் தேயிலைக்குப் பெயரும் மணமும் தருவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று. தோட்டப் பாதைகளின் புழுதியை வடிகட்டியில் நிறைப்பதும் அதுவே. கடதாசி வடிகட்டியைக் கழற்றி உள்ளே டோர்ச் ஒளியை வைத்துப் பார்க்க. ஒளி தெரியாவிடின் மாற்றுக. எண்ணெய்க் கிண்ணமுள்ள பழைய வகையாயின் கிண்ணத்தைக் கழுவிப் புதிய எண்ணெய் இடுக. ‘இழுவை கூடும்’ என்று எண்ணி வடிகட்டியின்றி வண்டியை ஓட்டுவோரும் உளர். அவ்வாறு உட்புகும் மணல் பிஸ்டன் வளையங்களைத் தேய்த்து, சிறு குற்றத்தைப் பெருங்குற்றமாக்கும்.

ஏழாவது: மின்பொறி. இது பெற்றோல் வண்டிகளுக்கு உரியது. பிளக்குகளைக் கழற்றி அவற்றின் நுனியைப் பார்க்க. இளங்கபில நிறம் நன்று. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகை அல்லது காற்றுக் குறைவு. எண்ணெய்ப் பசை இருந்தால் வளையங்கள் தேய்ந்துள்ளன. வெண்ணிறமாக வெந்திருந்தால் பெற்றோல் குறைவு அல்லது மிகுசூடு. பழைய வண்டிகள் பலவற்றில் பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரையும், டிஸ்ரிபியூற்றர் பொயின்ற் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீற்றர் வரையும் இருக்கும். உங்கள் வண்டியின் கைந்நூலில் உள்ள அளவையே முடிவாகக் கொள்க. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மூடியினுள் ஈரம் படிந்தாலும் எஞ்சின் தடுமாறும்; உலர்ந்த துணியால் துடைத்தாற் போதும். சூடேறியபின் நின்று, அரைமணி நேரம் குளிர்ந்தபின் இயங்கினால் கொயிலையோ கொண்டென்சரையோ நல்லதொன்றைப் பொருத்திச் சோதிக்க.

டீசல் வண்டியில் பிளக்கு இல்லாவிடினும் ஒரு மின்கம்பியை மறத்தலாகாது. எஞ்சினை அணைப்பதற்காகப் பம்பியின் மேல் மின்னால் இயங்கும் அடைப்பான் ஒன்று பல வண்டிகளில் உண்டு. அதற்கு மின்சாரம் போகும்வரையே டீசல் செல்லும். அக்கம்பி தளர்ந்திருந்தால் குழியில் விழுந்து எழும்போதெல்லாம் எஞ்சின் சட்டென்று நிற்கும். அதன் முனையைச் சுத்தம்செய்து இறுக்கினாற் போதும்.

எட்டாவது: எஞ்சினுக்கு வெளியே உள்ள தடைகள். சிறிது தூரம் ஓட்டிய பின் ஒவ்வொரு சில்லின் அருகிலும் கையைக் கொண்டுசெல்க, தொடவேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அதன் பிரேக் விடாமற் பிடித்துக்கொண்டிருக்கின்றது. கிளச்சைச் சோதிக்கச் சமநிலத்தில் கைப்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் கிளச்சை மெல்ல விடுக. எஞ்சின் நின்றுவிடின் கிளச் நன்று. நில்லாது சுழன்றால் கிளச் தேய்ந்துள்ளது. இதனை ஒரு தடவை மட்டுமே செய்தல் வேண்டும்.

ஒன்பதாவது: உட்பாகங்கள். மேற்கூறியவை யாவும் நன்றாயிருந்தும் வலு திரும்பாவிடின் மாத்திரமே கராஜை நாடுக. கொம்பிரஷன் எனப்படும் அமுக்கத்தை ஒவ்வொரு சிலிண்டரிலும் அளப்பித்தல், நொசில்களைச் சோதித்தல், வால்வு இடைவெளி பார்த்தல், நேரப்பட்டியின் குறிகளை ஒப்பிடல் ஆகியன அங்கே செய்யற்பாலன. இறப்பர் நேரப்பட்டியுள்ள டீசல் எஞ்சின்கள் பலவற்றில் அதனை ஏறத்தாழ 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். ஒரு பல் நழுவினாலும் வலுக் குறையும். அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் வளைந்துவிடும்.

5. புகை கூறும் செய்தி

கரும்புகை: எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை. முதலில் காற்று வடிகட்டியையும், பின்னர் நொசிலை அல்லது காபரேற்றரையும் பார்க்க. ரேர்போ உள்ள வண்டியாயின் அதன் காற்றுக் குழாய் கழன்றுள்ளதா என்றும் பார்க்க.

நீலப்புகை: எஞ்சின் ஒயில் எரிகின்றது. வளையங்களோ வால்வுகளோ தேய்ந்துள்ளன.

வெண்புகை: அப்புத்தளைக் குளிரிலே காலையில் சிறிது நேரம் வரும் நீராவி இயல்பானது. சூடேறிய பின்னும் நீடித்து, ரேடியேற்றர் நீரும் குறைந்தால் தலைமூடிக் கஸ்கற் பழுது. நீர் குறையாது டீசல் மணத்துடன் வெண்புகை வந்தால் டீசல் முழுவதும் எரியவில்லை.

புகையின்றி வலு மட்டும் குறைதல்: பெரும்பாலும் எரிபொருள் வரவில்லை. தாங்கி முதல் பம்பி வரை மீண்டும் பார்க்க.

ரேடியேற்றர் சூடாயிருக்கும்போது அதன் மூடியைத் திறத்தல் ஆகாது. கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும்.

6. தெமோதரை மேட்டில் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. ஹாலிஎலப் பகுதியைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர் தம் டீசல் பிக்கப்பில் தக்காளியை ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்குச் செல்வார். தெமோதரையை அண்மிக்கும் மேட்டில் வண்டி தளர்ந்து நிற்கும். பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நிகழாததுபோல் மீண்டும் ஓடும். வடிகட்டியை மாற்றினார், பயனில்லை. டீசல் பம்பி தேய்ந்துவிட்டது என்று கராஜில் கூறினர். அவர் என்னிடம் ஆலோசனை கேட்டபோது, கமத்தொழிற் பாடசாலையில் உழவு இயந்திரங்களைப் பழகியவன் என்ற துணிவில், நானும் பம்பியைத் திருத்துமாறே கூறினேன். அந்தப் போகத்தில் அவர் கண்ட இலாபத்திற் பெரும்பகுதி அதற்கே செலவாயிற்று. பம்பி புதிதாயிற்று. வண்டி அடுத்த வாரமும் அதே மேட்டில் நின்றது. அன்று பத்துப் பெட்டித் தக்காளி வீணாயின.

தோட்டத்து லொறியை நெடுங்காலம் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அங்கு வந்தார். அவர் பொனற்றைத் திறக்கவில்லை. “தம்பி, நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் மறுபடி ஓடுகிறது?” என்று மாத்திரம் கேட்டார். “பத்து நிமிடத்தில்” என்றதும், “பத்து நிமிடத்தில் பம்பி எப்படித் தம்பி நல்லதாகும்? ஏதோ ஒன்று வந்து அடைத்து, பிறகு விலகிப் போகிறது” என்றார். அவர் கூறியபடி மெக்கானிக் ஒருவர், தாங்கியின் குழாயைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் நிறைந்த கலனொன்றை உறுதியாகக் கட்டி, வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் அதனுள் விட்டு வண்டியை ஓட்டினார். வண்டி முழுப் பாரத்துடன் நில்லாமல் ஏறிற்று. பம்பி முதல் நொசில் வரை யாவும் நன்று என்பது அந்த ஒரு சோதனையிலேயே புலனாயிற்று. தாங்கியை இறக்கிப் பார்த்தபோது, உரப்பையின் உட்புறப் பொலித்தீன் துண்டொன்று உள்ளே மிதந்தது. கலனிலிருந்து டீசலை ஊற்றிய ஒரு நாளில் அது உள்ளே விழுந்திருத்தல் வேண்டும். எஞ்சின் வேகமாக இழுக்கும்போது அது குழாய் வாயை மூடிற்று. எஞ்சின் நின்றதும் விலகிற்று.

அக்கமக்காரர் என்னைக் குறை கூறவில்லை. எனினும், மூன்றாம் பகுதியில் உள்ள நான்காவது வினாவை அன்று நான் கேட்டிருந்தால் அவருடைய பணம் அவரிடமே இருந்திருக்கும். அதன்பின் எவருடைய வண்டியைப் பற்றியும் அவ்வினாவைக் கேளாமல் நான் ஆலோசனை கூறுவதில்லை. வேறு கலனிலிருந்து எண்ணெய் ஊட்டும் இச்சோதனை டீசல் வண்டிகளுக்கு மட்டுமே உரியது. அதுவும் மெக்கானிக்கின் கையாலேயே செய்யப்படல் வேண்டும். பெற்றோலில் இதனைச் செய்வது தீயை வலிய அழைப்பதாகும்.

7. மேட்டில் வண்டி நின்றுவிட்டால்

எஞ்சின் நின்றவுடன் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அமைப்பும் நின்றுவிடும். எஞ்சியுள்ள உதவி ஓரிரு தடவை மிதிப்பதற்கே போதும். அதன்பின் மிதி கல்லைப்போல் இறுகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் பாரமாகும். எல்ல, வெல்லவாயா, பெரகலைப் பாதைகளின் சரிவுகளிலே இது உயிர்க்கு ஆபத்தானது. ஆகையால்,

(அ) பிரேக்கை ஒரே தடவையில் உறுதியாக மிதித்து விடாமற் பிடிக்க. விட்டு விட்டு மிதித்தலாகாது.
(ஆ) கைப்பிரேக்கை இழுத்து, மேல்நோக்கி நின்றால் முதலாம் கியரிலும், கீழ்நோக்கி நின்றால் றிவர்ஸ் கியரிலும் விடுக.
(இ) வண்டி உருண்டாலும் பள்ளத்தின் பக்கம் போகாது மலைச்சுவரில் முட்டும்படி முன்சில்லைத் திருப்புக.
(ஈ) சில்லின் சரிவுப் பக்கத்தில் பெரிய கல்லை அல்லது மரக்கட்டையை அணைக்க. கட்டையொன்று வண்டியில் எப்போதும் இருத்தல் நன்று. புறப்படும்போது கல்லைப் பாதையிலிருந்து அகற்றுக.
(உ) வண்டியின் சரிவுப் பக்கத்தில் எவரும் நிற்றலாகாது. மேலேற்றத் தள்ளுவதற்காகப் பின்னால் நிற்பதும் ஆகாது.
(ஊ) எஞ்சினை இயக்கும் பொருட்டுக் கியரின்றிக் கீழே உருளவிடுதல் கூடாது.

குற்றமுள்ள வண்டியின் மரக்கறி மூடைகளின் மேல் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்லாதீர்கள். மூடை போனால் அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம்.

8. பருவத்துக்கு ஏற்ற பராமரிப்பு

ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழைக் காலத்தில், வாரத்துக்கு ஒருமுறை டீசல் வடிகட்டியின் நீரை வெளியேற்றுக. மாலையில் தாங்கியை நிரப்பி வைத்தால் இரவுக் குளிரில் உள்ளே பனிநீர் படிதல் குறையும்.

ஜூன் முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காலத்தில், வாரத்துக்கு ஒருமுறை காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்க. ரேடியேற்றரின் துளைகளில் அடைந்துள்ள சருகையும் புழுதியையும் நீரால் கழுவுக.

பெரும்போக, சிறுபோக அறுவடைகளுக்கு இரண்டு வாரங்கள் முன்னதாக எரிபொருள் வடிகட்டியை மாற்றி, இறப்பர்க் குழாய்களைப் பரிசோதிக்க. அறுவடை தொடங்கிய பின் வண்டிக்கு ஓய்வு கொடுக்க இயலாது.

எண்ணெய்க் கலன்களுக்கு நிறம் பூசிப் பிரித்து வைக்க. டீசலுக்கு ஒன்று, மண்ணெண்ணெய்க்கு ஒன்று. கிருமிநாசினி இருந்த கலனை எரிபொருளுக்கோ வேறெதற்கோ பயன்படுத்தலாகாது. ஊற்றும்போது வடிதட்டுள்ள புனலைப் பயன்படுத்துக. தாங்கி காற்பங்குக்குக் கீழ் வற்றவிடாதீர்கள்.

9. நினைவிற் கொள்ள வேண்டியவை

திடீரென நின்றால் மின்னிணைப்பு. தளர்ந்து நின்றால் எரிபொருள்.
கரும்புகை வந்தால் காற்று. சத்தம் மட்டும் ஏறினால் கிளச்.
பதுளையிலிருந்து பண்டாரவளை வரை மலை எடுத்துக்கொள்வது 100இல் 5 அல்லது 6 பங்கே.
மூடி, வடிகட்டி, குழாய் ஆகியவற்றை முதலிலும் பம்பியையும் எஞ்சினின் உட்பாகங்களையும் இறுதியிலும் பார்க்க.
ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் ஓட்டம்.

கராஜுக்குச் செல்லும்போது உங்கள் கொப்பியையும் எடுத்துச் செல்க. “இன்ன பாரத்துடன், இன்ன மேட்டில், இவ்வாறு நின்றது, இத்தனை நிமிடத்தில் மீண்டும் ஓடிற்று” என்று கூறும் கமக்காரருக்கு நல்ல மெக்கானிக் விரைவில் வழி காண்பார். கொப்பியைக் காட்டி விளக்கம் பெற விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையும் கமநல சேவை நிலையத்தில் சந்திக்கலாம்.